இரண்டு இடங்களை ஏற்காதவர்

மிசிசிப்பி மாநிலத்தில், பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுத கறுப்பினக் குடும்பத்தின் 20-ஆவது மகவாக 1917-இல் பிறந்தவர் ஃபேனி லூ ஹேமர். 1962-இல் வாக்காளராகப் பதிய முயன்றார், பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார். மறு ஆண்டு வினோனா சிறையில் அடித்து வதைக்கப்பட்டார்.

1964-இல், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தெரிவுசெய்ய ஜனநாயகக் கட்சி அட்லாண்டிக் சிட்டியில் கூடியது. கறுப்பரை விலக்கி வெள்ளையரே அமைத்த மிசிசிப்பிப் பேராளர் குழுவுக்கு அமரும் உரிமையில்லை என்று தகுதிக் குழுமுன் அவர் சான்றுரைத்தார். அவ்வுரையை மறைக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் செய்தியாளரைக் கூட்டினார். அன்றிரவே நாடு அதைக் கேட்டது. 60-க்கும் மேற்பட்ட பேராளரோடு வந்தவர்களுக்கு 2 இடங்கள் தர முன்வந்தது கட்சி. அவர்கள் ஏற்கவில்லை.

1968-இல் சிகாகோ மாநாட்டில் பேராளராக அவர் அமரச் சென்றபோது அவை எழுந்து நின்றது. 1977-இல் மறைந்தார். வாக்குச்சாவடியில் மட்டுமன்று, வேட்பாளரைத் தேரும் அவையிலும் நீதி வேண்டுமென வழக்காடிய வாழ்வு அது.