கொட்டூலா பள்ளிக்கூடத்து இருபது வயது வாத்தியார்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பான் வட்டாரத்தில், பெல்டா எல். பி. ஜான்சன் என்று ஒரு நிலக்குடியேற்றம் இருக்கிறது. அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். மலாய்க்காரக் குடியேற்றத்துக்கு வெள்ளைக்காரர் பெயர் எப்படி வந்தது? 1966 அக்டோபர் மாதக் கடைசியில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் நம் நாட்டுக்கு வந்தபோது அந்தக் குடியேற்றத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அதன் நினைவாகத்தான் அந்தப் பெயர்.

அதிபர் என்றுதான் அவரை உலகம் அறியும். ஆனால் அவர் தம் வாழ்க்கையை ஒரு வாத்தியாராகத் தொடங்கியவர். அதுவும் பெரிய பட்டணத்துப் பள்ளியில் அல்ல. கூலிவேலை செய்பவர்களின் பிள்ளைகள், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியுமாகத் திண்டாடிய பிள்ளைகள், அவர்கள் படித்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். அந்த முதல் வருட வாத்தியார் வேலையைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத விரும்புகிறேன். நம் பள்ளியைச் சேர்ந்த பெற்றோர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

லிண்டன் ஜான்சன் 1908 ஆகஸ்ட் 27-ஆம் நாள் டெக்சஸ் மாநிலத்தில் ஸ்டோன்வால் என்ற ஊருக்கருகில் பிறந்தார். தகப்பனார் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். பெரிய குடும்பம், பெரிய பேர். ஆனால் பருத்தி விவசாயத்தில் கடன் வாங்கிப் போட்ட பணமெல்லாம் போய்விட்டது. ஊர்க் கடைகளில் பற்று ஏறிக்கொண்டே போயிற்று. கடைக்காரர் கணக்கு நோட்டைத் திறக்கும்போது தலைகுனிந்து நிற்பது எப்படியிருக்கும் என்று அந்தப் பையன் சிறு வயதிலேயே தெரிந்துகொண்டான். தாயார் ரெபெக்கா படித்தவர். மகனும் படித்து மேலே வரவேண்டும் என்பது அந்த அம்மாளின் ஒரே ஆசை.

மகனோ லேசில் கேட்கவில்லை. 1924-இல், பதினைந்து வயதில், ஊர்ப் பள்ளிப் படிப்பை முடித்தான். கல்லூரி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூட்டாளிகளோடு கலிபோர்னியாவுக்குப் போனான். அங்கே பணம் ஒன்றும் மரத்தில் காய்க்கவில்லை. திரும்பி வந்து சாலை போடும் கூலி வேலையில் சேர்ந்தான். வெயிலிலும் குளிரிலும் மண்வெட்டி பிடித்த பிறகுதான் அம்மா சொன்னது மனத்தில் ஏறியது. 1927-இல் சான் மார்கோஸ் நகரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். கையில் இருந்தது கடன் வாங்கிய பணம். அங்கே குப்பை பொறுக்கினார், தரை துடைத்தார், பிறகு அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்தார். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. 1928-இல் படிப்பைப் பாதியில் நிறுத்தி, ஒரு வருடம் சம்பாதித்துவிட்டு வருவோம் என்று வேலை தேடினார்.

கிடைத்தது கொட்டூலாவில். டெக்சஸின் தென்பகுதியில், மெக்சிகோ எல்லைப் பக்கம் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள், காய்கறித் தோட்டங்கள். அவற்றில் உழைத்தவர்கள் மெக்சிகோ வம்சாவளியினர். வெள்ளையருக்கு ஒரு பள்ளி, மெக்சிகோக்காரர் பிள்ளைகளுக்குத் தனியாக வெல்ஹாசன் பள்ளி. சட்டப் புத்தகத்தில் எப்படி எழுதியிருந்தாலும், ஊர் வழக்கம் அதுதான். ஜான்சனுக்கு அங்கே ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்புகள். சம்பளம் மாதம் 125 டாலர். மற்றவர்கள் எல்லாம் ஆசிரியைகள். ஆண் என்று இவர் ஒருவரே. ஆகவே தலைமையாசிரியர் பொறுப்பும் இவர் தலையிலேயே வந்து விழுந்தது. வயது இருபது. பட்டம் இன்னும் வாங்கவில்லை. கையில் இருந்தது ஒரு தற்காலிக ஆசிரியர் சான்றிதழ் மட்டுமே.

பள்ளிக்கூடம் போன முதல் நாட்களில் அவர் கண்டது என்ன? பிள்ளைகள் பலரும் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தார்கள். பசியோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் கணக்கு எங்கே ஏறும்? வீடுகளின் பின்னால் கொட்டிய குப்பையில் பிள்ளைகள் கைவிட்டுத் துழாவி, காப்பித்தூள் சக்கை ஒட்டிய பழத்தோலை உதறிவிட்டுச் சப்பியதைத் தாம் பார்த்ததாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். அந்தச் சின்ன வயதிலேயே, ஊரில் தங்களை மற்றவர்கள் வெறுக்கிறார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் அம்மா வைத்துவிட்டுப் போன வெறுங்காப்பியைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வந்த பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருந்தார்கள். அந்தக் காலத்து வாத்தியார்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தங்கள் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று.

இருபது வயது ஜான்சனிடம் பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணமில்லை. முடிந்ததைச் செய்தார். பள்ளித் திடலில் விளையாட ஒரு பந்துகூடக் கிடையாது. தம் முதல் சம்பளப் பணத்தில் விளையாட்டுச் சாமான்கள் வாங்கிப் போட்டார். ஓய்வு நேரத்தில் ஆசிரியைகளும் திடலில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். இருபது வயதுப் பையன் வந்து நமக்குச் சட்டம் போடுவதா என்று அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. பிறகு பேச்சுப் போட்டி, எழுத்துக்கூட்டும் போட்டி, பந்தாட்டம் என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். வெள்ளையர் பிள்ளைகளுக்கு இதெல்லாம் இருக்கும்போது என் பிள்ளைகளுக்கு ஏன் இருக்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம். வெளியூர்ப் பள்ளிகளோடு பந்தயம் வைத்தால் பிள்ளைகளை எப்படி அழைத்துப் போவது? கார் வைத்திருந்த பெற்றோர்கள் ஒரு சிலரே. அவர்களைத் தேடிப் பிடித்து உதவி கேட்டு ஏற்பாடு செய்தார். தம் தாயாருக்குக் கடிதம் எழுதி, பிள்ளைகளுக்காகப் பற்பசை வாங்கி அனுப்பச் சொன்னார்.

பள்ளியைக் கூட்டிப் பெருக்கி வந்த வேலையாளையும் அவர் விடவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு பாடப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, பள்ளி தொடங்குமுன்னும் விட்ட பின்னும் வாசற்படியில் உட்காரவைத்து எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். தலைமையாசிரியரும் தோட்டியும் ஒரே படியில் உட்கார்ந்திருந்த காட்சியை அந்த ஊர்க்காரர்கள் அதற்கு முன் பார்த்திருப்பார்களா?

கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. வீட்டுப்பாடம் செய்யாதவன் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போக முடியாது. குறும்பு செய்த பையன்களுக்கு அடி விழும். அதிகாலையில் வந்து, இருட்டும் வரை இருப்பார். அதே வேளையில் தம் கல்லூரிப் பாடங்களையும் விட்டுவிடாமல் படித்து வந்தார். ஏழைப் பிள்ளையானாலும் படித்தால் இந்த நாட்டுக்கே அதிபராகலாம் என்று வகுப்பில் சொல்வாராம். பிள்ளைகள் நம்பினார்களோ இல்லையோ, அப்படிச் சொன்ன வாத்தியார் அவர்களுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்தப் பிள்ளைகளின் தாய்மொழி ஸ்பானிஷ். பலருக்கு ஆங்கிலம் சரியாக வராது. வாத்தியாருக்கோ ஸ்பானிஷ் அதிகம் தெரியாது. பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று கட்டளை போட்டார். திடலில் விளையாடும்போது தாய்மொழியில் ஒரு சொல் வந்துவிட்டாலும் தண்டனை உண்டு. பையன்களுக்கு அடி. அன்றைக்கு டெக்சஸ் பள்ளிகளில் இது சாதாரணம். ஆங்கிலம் வராவிட்டால் இந்தப் பிள்ளைகளும் தகப்பனைப் போல் வயலோடு போய்விடுவார்கள் என்று அவர் பயந்தார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அம்மாவிடம் பேசுகிற மொழியைப் பேசியதற்காக அடி வாங்கிய பிள்ளையின் மனத்தில் என்ன பதியும்? தன் வீடு கேவலம், தன் தாய் கேவலம் என்றுதானே பதியும்? பசியைக் கண்டு துடித்த மனிதர் இதைக் காணவில்லை. நல்ல வாத்தியார்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தவறு செய்தார் என்றே நான் சொல்வேன். தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசித்த பெற்றோர்களுக்கு இந்தப் பயமும் புரியும், இந்தத் தவறும் புரியும்.

ஒன்பது மாதம் ஓடியது. 1929 ஜூனில் சேர்த்த பணத்தோடு கல்லூரிக்குத் திரும்பினார். 1930-இல் பட்டம் பெற்று, ஹூஸ்டன் நகரத்து உயர்நிலைப் பள்ளியொன்றில் பேச்சுக்கலை ஆசிரியரானார். அங்கே அவர் பழக்கிய மாணவர் குழு மாநில இறுதிப் போட்டி வரைக்கும் போய் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. 1931-இல் ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் செயலாளராக வாஷிங்டனுக்குப் போனவர், அதன்பின் வகுப்பறைக்குத் திரும்பவில்லை. 1935-இல் டெக்சஸ் மாநில இளைஞர் உதவித் திட்டத்தின் இயக்குநர். ஏழை மாணவர்கள் படிப்பை விட்டுவிடாமலிருக்கப் பகுதிநேர வேலை கொடுத்த திட்டம் அது. 1937-இல் காங்கிரஸ் உறுப்பினர், 1948-இல் செனட்டுக்குத் தேர்வு, 1961-இல் துணை அதிபர். 1963 நவம்பர் 22-இல் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும் அதிபர் பதவி இவரிடம் வந்தது.

1965 மார்ச் மாதம் அலபாமா மாநிலத்தில் செல்மா என்ற ஊரில், ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் போலீசார் அடித்து நொறுக்கினார்கள். எட்டு நாள் கழித்து, மார்ச் 15 இரவு, ஜான்சன் காங்கிரஸ் சபையில் நின்று ஓட்டுரிமைச் சட்டம் வேண்டும் என்று பேசினார். நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சின் நடுவே யாரும் எதிர்பாராமல் கொட்டூலா வந்தது. அந்தப் பசித்த பிள்ளைகளை எடுத்துச் சொல்லி, அவர்களுக்கு உதவக்கூடிய இடத்தில் இன்று தாம் நிற்பதாகவும், அந்த வாய்ப்பைப் பயன்படுத்தப் போவதாகவும் அறிவித்தார். ஆகஸ்ட் 6-இல் ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று.

அதற்குள் ஏப்ரல் 11-இல் இன்னொரு கையெழுத்து. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசு பெருந்தொகை ஒதுக்கும் கல்விச் சட்டம் அது. வெள்ளை மாளிகையில் போட வேண்டிய கையெழுத்தைத் தாம் நான்கு வயதில் போய் உட்கார்ந்த ஜங்ஷன் என்னும் கிராமப் பள்ளியின் வெளியே மேசை போட்டுப் போட்டார். பக்கத்து நாற்காலியில் அவருடைய முதல் ஆசிரியை கேட் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளின் மடியில் உட்கார்ந்துதான் ஜான்சன் படிக்கக் கற்றார். 1966 அக்டோபர் 11-இல் பிள்ளைகள் உணவுச் சட்டம். பள்ளியிலேயே காலைச் சாப்பாடு கொடுக்கும் திட்டம் அதில்தான் தொடங்கியது. முதலில் சோதனை முயற்சியாக ஆரம்பித்து, பின்னால் நாடு முழுதும் பரவியது. கொட்டூலாவில் அவரால் கொடுக்க முடியாத காலைச் சாப்பாடு அது.

அந்தக் கையெழுத்துப் போட்ட மூன்று வாரத்துக்குள்தான் அவர் நம் நாட்டுக்கு வந்தார். மணிலாவில் வியட்நாம் போரைப் பற்றி நடந்த மாநாட்டை ஒட்டிய பயணம் அது. இங்கே வரவேற்பும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. எதிர்ப்புக்குக் காரணம் உண்டு. ஏழைப் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு கொடுத்த அதே கைதான் வியட்நாமுக்குப் படை மேல் படையாக அனுப்பியது. 1968-இல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே இருந்தார்கள். அந்தப் போரில் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் மாண்டார்கள்! போரால் பெயர் கெட்டு, 1968 மார்ச் 31-இல், இனி அதிபர் தேர்தலுக்கு நிற்கப் போவதில்லை என்று அவரே சொல்லும்படி ஆயிற்று.

நெகிரி செம்பிலானிலிருந்து போன ஒரு வாரத்தில், 1966 நவம்பர் 7-ஆம் நாள், வெல்ஹாசன் பள்ளிக்கு மறுபடியும் போனார். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் மண்டிக்கிடந்த அதே திடல், அதே கட்டடம். பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார். கல்வியில் இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது என்றார்.

1968 ஜனவரி 2-இல் இருமொழிக் கல்விச் சட்டம் வந்தது. ஆங்கிலம் அறியாத பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டு மொழியையும் சேர்த்துப் பாடம் நடத்த, அமெரிக்க மத்திய அரசு முதன்முதலாகப் பணம் ஒதுக்கிய சட்டம். இதைக் கொண்டுவரப் பாடுபட்டவர் டெக்சஸ் செனட்டர் ரால்ஃப் யார்பரோ. அந்தப் பெருமையை ஜான்சனுக்குக் கொடுக்கக்கூடாது. ஆனால் சட்டத்தின் அடியில் இருக்கும் கையெழுத்து, ஸ்பானிஷ் பேசியதற்காகப் பையன்களை அடித்த அந்த வாத்தியாருடைய கையெழுத்து.

ஜான்சன் 1973 ஜனவரி 22-இல் தம் பண்ணை வீட்டில் மாரடைப்பால் காலமானார். வயது 64. அங்கேயே ஆற்றங்கரையில் குடும்பத்தார் கல்லறைகளுக்கு நடுவே அவரை அடக்கம் செய்தார்கள். கேட் அம்மாள் மடியில் உட்காரவைத்துப் படிப்புச் சொல்லிக் கொடுத்த அந்த ஜங்ஷன் பள்ளி அங்கிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது.