மோட்டாரைத் தந்தவரும் சந்தையைக் கைவிட்டவரும்: நிக்கொலா டெஸ்லாவின் வாழ்க்கை

உலக வாகனச் சந்தை பெரியதொரு மாற்றத்துக்கு உள்ளாகி வருகின்றது. 2024ஆம் ஆண்டில் மாத்திரம், மின்னேற்றக்கூடிய கலப்பு வாகனங்கள் உட்பட, 1 கோடியே 70 இலட்சத்துக்கும் அதிகமான மின்சாரக் கார்கள் உலகெங்கும் விற்பனையாகின. அவ்வாண்டில் விற்கப்பட்ட புதிய கார்களுள் ஐந்தில் ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது. இவ்வாகனங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பற்றரியைப் பற்றியே பேசுகின்றனர். ஆனால் பற்றரி சக்தியைச் சேமித்து வைப்பது மாத்திரமே. சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். அம்மோட்டாருக்கு அடிப்படையான தத்துவத்தைக் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு ஹோட்டல் அறையில், கடனாளியாக, தனிமையில் உயிர்நீத்தார் என்பதை இச்சந்தையின் இலாபக் கணக்குகளைப் படிப்பவர்கள் அறிந்திருப்பது நன்று.

நிக்கொலா டெஸ்லா 1856ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் திகதி, அன்றைய ஒஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்ததும் இன்று குரோஷியாவில் உள்ளதுமான ஸ்மிலியான் என்ற கிராமத்தில் பிறந்தார். பெற்றோர் சேர்பிய இனத்தவர். தந்தை ஓர்தொடொக்ஸ் திருச்சபையின் மதகுரு. தாய் எழுத்தறிவில்லாதவர், ஆயினும் வீட்டுப் பாவனைக்கான சிறு கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் திறமையும் வியக்கத்தக்க நினைவாற்றலும் உடையவர். தமது கற்பனைத் திறனுக்குத் தாயே காரணம் என்று டெஸ்லா பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். மூத்த சகோதரன் குதிரை விபத்தொன்றில் இறந்தமை அக்குடும்பத்தின் மீது நீங்காத துயரத்தைக் கவியச் செய்தது. எஞ்சிய மகன் மதகுருவாக வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். 1873இல் மகன் கொலரா நோயினால் மரணத்தின் விளிம்பு வரை சென்றபோதுதான் தந்தை மனமிரங்கி, பிழைத்தெழுந்தால் பொறியியல் படிக்க அனுப்புவதாக வாக்களித்தார்.

1875இல் கிராஸ் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த டெஸ்லா, அங்கு நேரோட்ட மின் இயந்திரமொன்று இயங்குவதைக் கண்டார். அக்கால மோட்டார்கள் அனைத்தும் ஒரே குறைபாட்டைக் கொண்டிருந்தன. சுழலும் பகுதிக்கு மின்னோட்டத்தைச் செலுத்தவும், அரைச் சுற்றுக்கு ஒரு முறை அதன் திசையை மாற்றவும், தூரிகைகள் எனப்படும் தொடுகைத் துண்டுகள் உலோக வளையத்தில் உராய்ந்தவண்ணம் இருக்க வேண்டும். உராயுமிடத்தில் தீப்பொறி பறக்கும், தூரிகைகள் தேயும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். இவ்வுறுப்புகள் இன்றியே மோட்டாரை இயக்க முடியாதா என்று மாணவன் கேட்டபோது, அது நடவாத காரியம் என்பதைப் பேராசிரியர் வகுப்பு முழுவதற்கும் விளக்கினார். அக்கேள்வி டெஸ்லாவைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தியது. பட்டம் பெறாமலே அவர் கல்லூரியை விட்டு நீங்க நேர்ந்தது.

சுழலும் காந்தப்புலம்

1882இல், புடாபெஸ்ட் நகரின் பூங்காவில் நண்பர் ஒருவருடன் மாலை உலாச் சென்றபோது விடை கிடைத்தது என்று டெஸ்லா தமது வரலாற்றில் கூறுகின்றார். கையிலிருந்த தடியினால் மண்ணில் வரைந்து காட்டிய அந்த விடை இதுதான்: சுழலும் பகுதிக்கு மின்சாரத்தை எடுத்துச் செல்லவே வேண்டியதில்லை. வெளிப்புறத்தில் நிலையாக உள்ள கம்பிச் சுருள்களுக்கு, ஒன்றுக்குப் பின் ஒன்றாக உச்சம் பெறும் ஆடலோட்டங்களைச் செலுத்தினால், அச்சுருள்கள் தோற்றுவிக்கும் காந்தப்புலம் தானே வட்டமாகச் சுழலும். நடுவில் உள்ள உலோக உருளையில் அப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும்; தூண்டப்பட்ட மின்னோட்டம் அவ்வுருளையைப் புலத்தின் பின்னால் இழுத்துச் செல்லும். தூரிகையும் இல்லை, தீப்பொறியும் இல்லை, நிலைக்காந்தமும் இல்லை. இதுவே தூண்டல் மோட்டார்.

இக்கண்டுபிடிப்பு அவர் ஒருவருக்கே உரியது எனக் கூறுவது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது. இத்தாலியின் டூரின் நகரில் கலிலியோ பெராரிஸ் என்ற பௌதிகவியலாளர் இதே தத்துவத்தைத் தனியாக ஆராய்ந்து 1888 மார்ச்சில் வெளியிட்டார். ஜேர்மனியில் பணியாற்றிய ரஷ்யரான மிகையில் டொலிவோ டொப்ரவொல்ஸ்கி 1889இல் அமைத்த மும்முனை மோட்டாரே இன்றைய தொழிற்சாலை மோட்டார்களுக்கு வடிவில் மிக நெருங்கியது. எனினும் மின்பிறப்பாக்கி முதல் மோட்டார் வரையிலான முழு ஏற்பாட்டையும் ஒரே திட்டமாக வகுத்து, அதற்கு ஆக்கவுரிமை பெற்றவர் டெஸ்லாவே.

1884இல் அமெரிக்கா சென்றடைந்த அவர், தோமஸ் எடிசனின் நிறுவனத்தில் ஏறக்குறைய அரையாண்டு பணியாற்றி, ஊதியம் தொடர்பான மனக்கசப்புடன் விலகினார். அடுத்து முதலீட்டாளர்களுடன் சேர்ந்து நிறுவிய கம்பனியிலிருந்து அவர்களாலேயே ஒதுக்கப்பட்டார். தமது ஆக்கவுரிமைகளும் கைநழுவிய நிலையில், 1886ஆம் ஆண்டளவில் நியூயோர்க் வீதிகளில் கான் வெட்டும் கூலி வேலை செய்தார். உலகின் இயந்திரங்களை மாற்றியமைக்கவிருந்த ஒருவர் மண்வெட்டி பிடித்த அக்காலம், திறமை மாத்திரம் சந்தையில் விலைபோவதில்லை என்பதற்குச் சான்றாகும்.

ஒப்பந்தமும் அதன் முடிவும்

1887இல் புதிய ஆதரவாளர்கள் இருவரின் உதவியால் சொந்த ஆய்வுகூடம் கிடைத்தது. 1888 மே முதலாம் திகதி அவரது மோட்டாருக்கான ஆக்கவுரிமைகள் வழங்கப்பட்டன. அதே மாதம் 16ஆம் திகதி அமெரிக்க மின் பொறியியலாளர் சங்கத்தில் அவர் ஆற்றிய உரை துறையினரின் கவனத்தை ஈர்த்தது. இரண்டு மாதங்களுக்குள் பிட்ஸ்பேர்க் நகரத் தொழிலதிபர் ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அவ்வுரிமைகளைப் பயன்படுத்துவதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். பணமும் பங்குகளுமாக ஒரு தொகையுடன், விற்பனையாகும் மோட்டார்களின் ஒவ்வொரு குதிரைவலுவுக்கும் இரண்டரை டொலர் உரிமைப் பணம் என்பது அவ்வொப்பந்தத்தின் சாரம்.

ஆனால் நல்ல கண்டுபிடிப்பு உடனடியாக நல்ல வியாபாரமாகிவிடுவதில்லை. வெஸ்டிங்ஹவுஸ் கம்பனியின் மின்விநியோகம் செக்கனுக்கு 133 தடவை அலையும் ஒருமுனை ஆடலோட்டமாக இருந்தது. மின்விளக்குக்கு அது போதுமானது. டெஸ்லாவின் மோட்டாருக்கோ பொருந்தாதது. பிட்ஸ்பேர்க்கில் அவர் செலவிட்ட காலத்தின் பெரும்பகுதி இப்பொருத்தமின்மையுடன் போராடுவதிலேயே கழிந்தது. பின்னர் செக்கனுக்கு 60 அலைவுகள் என்ற மீடிறனை அக்கம்பனி ஏற்றுக்கொண்ட பின்னரே மோட்டாருக்கு வழி திறந்தது. இதற்கிடையில் 1890இன் நிதி நெருக்கடி கம்பனியை வீழ்ச்சியின் விளிம்புக்குத் தள்ளியது. கடன் வழங்குவோர் செலவுகளைக் குறைக்குமாறு வற்புறுத்தினர். உரிமைப் பணத்தைக் கைவிடுமாறு வெஸ்டிங்ஹவுஸ் வேண்டிக்கொள்ள, டெஸ்லா இணங்கினார்.

அவர் ஒப்பந்தத்தை அவ்விடத்திலேயே கிழித்தெறிந்தார் என்பது பிற்காலத்து வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஒருவர் கூறும் கதை. உறுதியாகத் தெரிவது, 1897இல் ஆக்கவுரிமைகள் 216,000 டொலர் என்ற ஒரே தொகைக்குக் கம்பனியின் சொத்தாகின என்பதே. அன்றைய மதிப்பில் அது சிறிய தொகை அன்று. ஆயினும், 1896 நவம்பரில் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பபலோ நகரை வந்தடைந்ததோடு ஆடலோட்டத்தின் வெற்றி ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. விளைச்சல் வரும் வேளையில் நிலத்தை விற்ற உழவரின் நிலையே டெஸ்லாவின் நிலையாயிற்று. உரிமைப் பணம் தொடர்ந்திருந்தாலும் 17 ஆண்டுக் காலம் நிறைவுற்று, 1905இல் அவ்வாக்கவுரிமைகள் காலாவதியாகியிருக்கும் என்பதும் உண்மையே. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளின் வருமானம் அவரது பிற்கால ஆய்வுகளைக் கடன்காரரின் தயவில் விடாது காத்திருக்கக்கூடும்.

1896இல் நியூயோர்க்கில் அவரைச் சந்தித்தவர்களுள் சுவாமி விவேகானந்தரும் ஒருவர். சடப்பொருளும் சக்தியும் பற்றிய வேதாந்தக் கருத்துகள் டெஸ்லாவை ஈர்த்தன. அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் சுவாமிகள் கொழும்பில் வந்திறங்கி யாழ்ப்பாணத்துக்கும் விஜயம் செய்தார்.

கம்பியின்றி மின்சாரத்தையும் செய்தியையும் உலகெங்கும் அனுப்பலாம் என்ற பெருங்கனவே டெஸ்லாவின் பிற்காலத்தை விழுங்கியது. 1901இல் நிதியதிபர் ஜே.பி. மோர்கன் வழங்கிய 150,000 டொலரைக் கொண்டு லோங் ஐலண்டில் கோபுரமொன்றை எழுப்பத் தொடங்கினார். மோர்கன் மேலும் பணம் தர மறுத்தார்; கோபுரம் முற்றுப்பெறாமலே 1917இல் தகர்க்கப்பட்டது. முதுமையில் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறி, கட்டணப் பாக்கி வைத்து, புறாக்களுக்குத் தீனி போடுவதில் ஆறுதல் கண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1934 முதல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பனி மாதம் 125 டொலரும் அறை வாடகையும் வழங்கியது. 1943 ஜனவரி 7ஆம் திகதி, தமது 86ஆவது வயதில், நியூயோர்க்கர் ஹோட்டலின் 33ஆவது மாடியில் அவர் காலமானார். 1960இல் காந்தப்பாய அடர்த்தியின் சர்வதேச அலகுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. எமது உயர்தர வகுப்பு மாணவர்கள் பௌதிகவியல் விடைத்தாளில் எழுதும் டெஸ்லா என்ற அலகு அதுவே.

வாகனத்தை அடைந்த வழி

அவரது மோட்டார் தொழிற்சாலைகளை ஆண்ட காலத்தில் வாகனத்துக்குள் ஏன் நுழையவில்லை? 1900இல் அமெரிக்காவில் உற்பத்தியான 4,192 கார்களில் 1,575 மின்சாரக் கார்கள்; பெற்றோல் கார்களைவிட அவையே அதிகம். ஆனால் அவற்றை ஓட்டியவை பழைய நேரோட்ட மோட்டார்கள். பற்றரி தருவது நேரோட்டம். தூண்டல் மோட்டார் கேட்பதோ ஆடலோட்டம். அதிலும் வேகத்தை மாற்ற வேண்டுமாயின் ஆடலோட்டத்தின் மீடிறனை மாற்ற வேண்டும். ஓடும் வண்டிக்குள் அதனைச் செய்யும் சாதனம் அன்று இல்லை. 1912இல் கடிலக் கார்களில் பொருத்தப்பட்ட மின் தொடக்கி, அதாவது ஒரு சிறு மோட்டார், கைப்பிடி சுழற்றும் தொல்லையை நீக்கிப் பெற்றோல் காரின் வெற்றிக்கே துணைபுரிந்தது வரலாற்றின் முரண்.

குறைகடத்திச் சாதனங்கள் வளர்ச்சியடைந்த பின்னரே தடை நீங்கியது. 1996இல் ஜெனரல் மோட்டர்ஸ் வெளியிட்ட ஈவி-1 கார் தூண்டல் மோட்டாரினால் இயங்கியது. 2003இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட கம்பனியொன்று டெஸ்லாவின் பெயரையே சூடிக்கொண்டு, 2008இல் வெளியிட்ட முதலாவது காரில் தூண்டல் மோட்டாரையே பயன்படுத்தியது. 1931இல் டெஸ்லாவே பற்றரியில்லாத அதிசயக் கார் ஒன்றை ஓட்டினார் என உலவும் கதைக்கு மாத்திரம் ஆதாரம் எதுவுமில்லை.

எனினும் சந்தை அதன் பின்னர் வேறு திசையில் சென்றது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவாக்கப்பட்ட நியோடிமியக் காந்தங்கள் சிறிய உருவில் பெரும் வலிமை கொண்டவை. அவற்றைச் சுழலும் பகுதியில் பதித்தால், அங்கு மின்னோட்டத்தைத் தூண்டுவதில் ஏற்படும் வெப்ப இழப்புத் தவிர்க்கப்படும். அதே பற்றரியில் அதிக தூரம் ஓடலாம். எனவே இன்று பெரும்பாலான மின்சாரக் கார்கள் நிலைக்காந்த மோட்டார்களையே நாடுகின்றன. டெஸ்லாவின் பெயரைத் தாங்கிய கம்பனியும் 2017இல் இவ்வழிக்கு மாறியது.

இங்குதான் ஆபத்து உள்ளது. இக்காந்தங்களுக்கு வேண்டிய அருமண் மூலகங்களைச் சுத்திகரிப்பதிலும் காந்தங்களை உற்பத்தி செய்வதிலும் உலகத் தேவையின் 90 சதவீதமளவு சீனாவின் கையில் உள்ளது. 2025 ஏப்ரலில் டிஸ்புரோசியம், டேர்பியம் உள்ளிட்ட ஏழு மூலகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவந்தபோது, சில வாரங்களுக்குள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சில வாகனத் தயாரிப்புகள் தற்காலிகமாக நின்றன. எண்ணெய் வள நாடுகளின் பிடியிலிருந்து விடுபடுவதாக எண்ணி மின்சார வாகனத்தைத் தழுவிய உலகம், மற்றொரு பிடிக்குள் தன்னை ஒப்புக்கொடுத்திருப்பதை அப்போதுதான் உணர்ந்தது. பிஎம்டபிள்யூ, ரெனோ ஆகிய நிறுவனங்கள் காந்தமற்ற மோட்டார்களை ஏற்கெனவே தயாரித்து வருகின்றன. செம்பும் உருக்கும் மாத்திரமே போதுமான டெஸ்லாவின் பழைய வடிவமும் மீண்டும் பேசப்படுகின்றது.

டெஸ்லா தமது கண்டுபிடிப்பின் உரிமையை ஒரு கம்பனியைக் காப்பாற்றுவதற்காக விட்டுக்கொடுத்தார். இன்று நாடுகள் தமது போக்குவரத்தின் உயிர்நாடியை ஒரே விநியோக வழியிடம் விட்டுக்கொடுக்கின்றன. முன்னையது ஒருவரின் பெருந்தன்மை. அதன் நட்டம் அவரோடு முடிந்தது. பின்னையதோ கவனக்குறைவு, அதன் நட்டத்தைச் சுமக்கப் போகின்றவர்கள் விலை கொடுத்து வாகனம் வாங்கும் சாதாரண மக்களே. இறக்குமதி வாகனங்களிலேயே முற்றாகத் தங்கியிருக்கும் எம்மைப் போன்ற சிறிய நாடுகள், எந்தக் கார் மலிவானது என்று கேட்பதோடு நின்றுவிடாது, அதனுள் சுழலும் மோட்டார் யாருடைய தயவில் சுழல்கின்றது என்பதையும் கேட்கப் பழக வேண்டும். காந்தமும் இன்றிச் சக்கரம் சுழலும் என்பதை 1882இலேயே மண்ணில் வரைந்து காட்டிய மனிதருக்கு நாம் செலுத்தக்கூடிய பொருத்தமான மரியாதை அதுவாகவே இருக்கும்.