பெனிசிலின் தந்த பிளெமிங்

2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகெங்கும் மாண்டவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று ஆய்வாளர்கள் கணித்தனர், தோழர்களே! இப்படி நேரும் என்று அன்றே எச்சரித்தவர் யார் தெரியுமா? அந்த மருந்தைக் கண்டவரேதான்!

அலெக்சாண்டர் பிளெமிங், ஸ்காட்லாந்து நாட்டு உழவர் வீட்டுப் பிள்ளை. பிறந்தது 1881-ல். ஏழு வயதில் தந்தையை இழந்தார். லண்டன் வந்து கப்பல் கம்பெனியில் நான்காண்டு குமாஸ்தா வேலை. உறவினர் விட்டுச் சென்ற சொத்தில் பங்கு கிடைத்ததால் மருத்துவம் படித்தார். கிடைத்திராவிட்டால் கணக்கெழுதியே காலம் கழிந்திருக்கும். எந்த நாட்டு ஏழைக்கும் இதே கதைதானே!

முதல் உலகப் போரில், பிரான்சு நாட்டில், சிப்பாய்களின் புண்களை ஆராய்ந்தார். ஆழ்ந்த புண்ணில் ஊற்றிய கிருமிநாசினி, கிருமியை விட்டுவிட்டு உடலின் காவற்படையான வெள்ளணுக்களைக் கொன்றது கண்டார். மருந்தே பகையாகும் விந்தையை அங்கேயே அறிந்தார்.

1928. லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனை. விடுமுறை முடிந்து திரும்பியவர் கண்ணில், கிருமி வளர்த்த தட்டிலே பூஞ்சணம்! சுற்றிலும் கிருமிகள் அழிந்து கிடந்தன. ஆண்டவன் அருள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை அவர். ஏன் என்று கேட்டார். பெனிசிலின் பிறந்தது. அதை மருந்தாக வடித்தவர்கள் ஆக்ஸ்போர்டின் புளோரி, செயின் குழுவினர். 1945-ல் மூவருக்கும் நோபல் பரிசு.

பரிசு மேடையிலேயே பிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டைவலிக்காரர் ஒருவர் தாமே பெனிசிலின் வாங்கி அரைகுறையாக உட்கொள்கிறார். சாகாத கிருமிகள் எதிர்க்கப் பழகுகின்றன. அவை மனைவியைத் தொற்ற, மருந்து பலிக்காமல் அந்த அம்மை மாள்கிறார்.

கதை சொல்லி முடித்த சூடு ஆறவில்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் அம்மையார் கணக்கெடுத்தார். சீழ்க் கிருமிகளில் பெனிசிலினுக்கு அடங்காதவை 1946-ல் நூற்றுக்கு 14, 1947-ல் 38, 1948-ல் 59! மருந்து மழை பொழிந்த வார்டில் எளிய கிருமிகள் மடிந்தன. காலியான இடத்தில் முரட்டுக் கிருமிகள் குடியேறின. கட்டிலுக்குக் கட்டில் தாவின. நோய் தீர வந்தவன் புதுநோய் வாங்கிச் சென்றான். போலி வைத்தியன் செய்த வேலையா இது? பட்டம் பெற்றவர்கள், நல்லெண்ணத்தோடு செய்தது!

பிளெமிங் 1955-ல் மறைந்தார். அதன்பின் பார்பர் அம்மையார் குழுவினர் அதே ஹாமர்ஸ்மித்தில் பெனிசிலினைக் கண்டபடி கொடுப்பதை நிறுத்தினர். தொற்று பரவும் வழிகளை அடைத்தனர். அடங்காத கிருமிகளின் பங்கு குறையத் தொடங்கியது. 1960-ல் அந்த ஆய்வு அச்சேறியது.