எரிந்த வீடு, எரியாத பெயர்: யார் இந்த வில்லியம் ஹட்சன்?

கோரைப்பாய் தெரியும், கோரைக்கிழங்கும் தெரியும். அதே குடும்பத்தில் ஐரோப்பியக் காடுகளின் மர நிழலில் வளரும் ஒரு கோரை இருக்கு. பெயர் காரெக்ஸ் சில்வாட்டிகா. தாவரவியல் நூல்களில் இதன் பின்னால் 'ஹட்ஸ்.' என்று ஓர் ஒட்டு வரும். பெயர் வைத்தவரின் இனிஷியல் மாதிரி.

அவர்தான் வில்லியம் ஹட்சன். 1730-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் பிறந்தவர். அப்பா அங்கே விடுதி நடத்தினார். மகன் லண்டனில் மருந்துக்காரர் ஒருவரிடம் தொழில் பழகினார். அந்தக் காலத்து மருந்தில் பாதி செடியும் வேரும்தானே! தாவரவியலில் பரிசு வாங்கினார். கிடைத்த பரிசு, ஜான் ரே எழுதிய பிரிட்டன் தாவர நூல்.

ரே பெரிய ஆள்தான். ஆனால் அவர் காலத்தில் செடியின் பெயர் என்பதே ஒரு வரி நீள லத்தீன் வர்ணனை. 1753-ல் ஸ்வீடனின் லின்னேயஸ், இனி எல்லாச் செடிக்கும் இரண்டே சொல் என்று ஆக்கினார். சரி, ரே சொன்ன செடி புதிய முறையில் எது? யாராவது உட்கார்ந்து பொருத்தணுமே. 1757-58-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் துணை நூலகராக இருந்த ஹட்சன், அங்கிருந்த ஹான்ஸ் ஸ்லோனின் உலர்செடித் தொகுப்பை வைத்து அந்த வேலையைச் செய்தார்.

1762-ல் 'ஃப்ளோரா ஆங்கிலிகா' வந்தது. லின்னேயஸ் முறை இங்கிலாந்தில் வேரூன்றியது இந்த நூலால்தான். காட்டைச் சேர்ந்தது என்ற பொருளில் 'சில்வாட்டிகா' அச்சேறியதும் இதில்தான்.

கோரையைப் பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. காரெக்ஸ் பேரினத்தில் மட்டும் இன்று சுமார் 2,000 இனங்கள். பார்த்தால் எல்லாமே புல். விதையை மூடிய குட்டிப் பையின் வடிவத்தைக்கூட கவனிக்கணும். சில்வாட்டிகாவில் நுனியில் ஆண் கதிர். கீழே மெல்லிய காம்புகளில் தொங்கும் பெண் கதிர்கள். ஒவ்வொரு பைக்கும் நீண்ட அலகு.

1782-ல் லின்னேயஸின் மகன் நூலில் இதே கோரை வேறு பெயரில் வந்தது. செல்லவில்லை. முதலில் முறையாக அச்சான பெயருக்கே முன்னுரிமை என்பது விதி.

அடுத்த ஆண்டே ஹட்சனின் பாண்டன் தெரு வீடு தீப்பிடித்தது. பூச்சிச் சேகரிப்பு போச்சு, செடிகளிலும் பல போச்சு. வீட்டில் இருந்தவர்கள் உயிர் தப்பியதே பெரிய விஷயம். மாதிரிச் செடி எரிந்தால் பெயரும் போயிடுமா? போகாது. அச்சில் விவரிப்பு இருந்தால் பெயர் நிற்கும். அடையாளத்துக்கு வேறு மாதிரியைப் பிறகு குறித்துக்கொள்ளலாம்.

ஹட்சன் ஜெர்மின் தெருவுக்குக் குடிபோனார். 1793 மே 23-ல் பக்கவாதத்தால் இறந்தார். தீயில் தப்பிய செடிகளை, ஒருகாலத்தில் தனக்குப் பரிசு தந்த மருந்துக்காரர் சங்கத்துக்கே எழுதிவைத்திருந்தார்.