கூலோம்: உராய்வை அளந்த பொறியியலாளர்

மின்னேற்றத்தின் அலகு கூலோம் என்பது மாணவர் அறிந்ததே. ஆனால் அப்பெயருக்குரியவர் மின்னியலில் கைவைப்பதற்கு முன்னர், ஒரு கப்பல் தளத்தில் மரப்பலகைகளுக்கு மிருகக் கொழுப்புப் பூசி அவற்றின் மேல் பாரம் இழுத்துக்கொண்டிருந்தார். விஞ்ஞானப் பாடத்தில் நாம் கற்கும் எல்லை உராய்வு, இயக்கவியல் உராய்வு ஆகியவற்றுக்கு உறுதியான அளவீடுகள் கிடைத்தது அந்த வேலையினாலேயே.

சாள்ஸ் ஒகஸ்தீன் டி கூலோம் 1736 ஜூன் 14 ஆம் திகதி பிரான்சின் அங்குலேம் நகரில் பிறந்தார். பின்னர் குடும்பம் பரிசுக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் பண முதலீடுகளில் ஈடுபட்டுச் செல்வத்தை இழந்து மொன்பெலியே நகருக்குச் சென்றார். மகன் வைத்தியராக வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். மகனோ கணிதத்தையே பற்றி நின்றார். இப்பிணக்கினால் தாயாரின் ஆதரவை இழந்து, அவரும் தந்தையாரிடம் போய்ச் சேர்ந்தார். 1760 இல் மெசியே நகரின் இராணுவப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்து 1761 இல் பயிற்சியை முடித்தார்.

1764 இல் அவர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்த்தினிக்குக்கு அனுப்பப்பட்டார். அங்கு பெரிய கோட்டையொன்றைக் கட்டும் பணியில் எட்டு வருடங்கள் கழிந்தன. காய்ச்சலால் பலமுறை வீழ்ந்தார். கெட்ட உடல்நலம் பின்னர் முழுமையாகத் திரும்பவில்லை. எனினும் மண் சுவரை எவ்வளவு விசையுடன் தள்ளும், தூண் எங்கே உடையும் என்ற வினாக்களை அவர் அங்கேதான் சந்தித்தார். ஊர் திரும்பியபின் 1773 இல் அவை பற்றி விஞ்ஞானக் கழகத்துக்கு ஓர் ஆய்வுரை சமர்ப்பித்தார்.

அக்காலத்தில் உராய்வு பற்றி அறியப்பட்டிருந்தது சிறிதே. 1699 இல் அமொந்தொன் என்பவர், உராய்வு விசை அழுத்தும் நிறைக்கு விகிதசமமானது என்றும் தொடும் பரப்பளவில் தங்கியிராது என்றும் கூறியிருந்தார். அவை சிறிய அளவிற் செய்த சோதனைகளின் முடிவுகள். துறைமுகத்துக்கு அது போதவில்லை. கப்பி, நங்கூரம் இழுக்கும் உருளை, கட்டி முடித்த கப்பலை நீருக்கு இறக்கும் சாய்தளம் ஆகியவற்றில் பெரும் பாரங்கள் இயங்கின. கணக்குப் பிழைத்தால் கப்பல் சாய்தளத்திலேயே நின்றுவிடும், அல்லது கயிறு அறுந்து ஆளைக் கொல்லும். ஆகவே பரிஸ் விஞ்ஞானக் கழகம் உராய்வையும் கயிற்றின் விறைப்பையும் பெரிய அளவில் ஆராய்வோருக்குப் பரிசு அறிவித்தது. 1779 இல் தகுதியான கட்டுரை எதுவும் கிடைக்காமையால் பரிசுத்தொகை இரட்டிக்கப்பட்டு 1781 வரை காலம் நீடிக்கப்பட்டது.

1779 இல் கூலோம் ரொஷ்பொர் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். அருகிலுள்ள தீவொன்றில் மரக்கோட்டை கட்டும் வேலை. கப்பல் தளமே அவருக்கு ஆய்வுகூடமானது. பாரமான ஓக் மரப் பலகைகளால் உறுதியான மேசையொன்றைச் செய்வித்தார். அதன்மேல் பாரம் ஏற்றிய சறுக்குப் பலகை. அதிலிருந்து கயிறு ஒன்று மேசை விளிம்பிலுள்ள கப்பியின் மேலாகச் சென்று, கீழே நிறைகள் இடும் தட்டில் முடிந்தது. நாம் பாடசாலையில் மரக்குற்றியையும் விற்றராசையும் கொண்டு செய்யும் சோதனையை நினைத்துக்கொள்க. வேறுபாடு அளவில்தான்: அவர் ஏற்றிய பாரம் சில வேளைகளில் ஆயிரம் இறாத்தலையும் கடந்தது.

முதலில் பலகை அசையத் தொடங்குவதற்குத் தேவையான விசையை அளந்தார். பொருள்களை மாற்றினார், பரப்பளவை மாற்றினார், பாரத்தை மாற்றினார். இவற்றோடு வேறொன்றையும் மாற்றினார்: இழுப்பதற்கு முன் பலகை எவ்வளவு நேரம் ஓய்வில் இருந்தது என்பதை. மரத்தின்மேல் மரம் உலர்வாக இருந்தபோது விசை ஓரிரு நிமிடங்களிலேயே உச்சத்தை அடைந்தது. உலோகத்தின்மேல் உலோகத்துக்கு நேரத்தால் வேறுபாடு இல்லை. கொழுப்புப் பூசிய ஓக் மரத்திலோ விசை பல மணித்தியாலங்கள் தொடர்ந்து ஏறியது. ஒரு சோதனையில் 16 மணித்தியாலங்கள் ஓய்வின் பின், தொடக்கத்தில் தேவைப்பட்டதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு விசை வேண்டியிருந்தது. கொழுப்புப் பூசிவிட்டால் போதும் என்று எண்ணியிருந்த கப்பற்றளத்தாருக்கு இது சிறிய செய்தியன்று. கொழுப்பு புதிதாக இருந்தபோதும், பலமுறை வழுக்கித் தேய்ந்த பின்னரும் அவர் தனித்தனியே அளந்து குறித்தார். கப்பியின் அச்சுகளிலும் இவ்வாறே செய்தார்.

அடுத்தது இயங்கும் பலகை. இங்கே அவர் கையாண்ட முறை சாதாரணதர மாணவரும் விளங்கக்கூடியது. பலகை ஓய்விலிருந்து புறப்பட்டு முதல் 2 அடியைக் கடக்கும் நேரத்தையும் அடுத்த 2 அடியைக் கடக்கும் நேரத்தையும் அரைச் செக்கன் ஊசலால் அளந்தார். ஆர்முடுகல் மாறாதிருந்தால் இரண்டாம் நேரம் முதலாவதின் 0.41 மடங்காக இருக்க வேண்டும். முதற் பகுதிக்கு 10 செக்கன் எனின் அடுத்ததற்கு ஏறத்தாழ 4 செக்கன். அவரது அளவீடுகள் பெரும்பாலும் இதற்கு அண்மையாகவே வந்தன. இழுக்கும் நிறை மாறாமல் ஆர்முடுகலும் மாறாதிருப்பின், கதி கூடியபோதும் உராய்வு விசை மாறவில்லை என்பதே பொருள். கதியை நேரடியாக அளக்கும் கருவி எதுவுமின்றிப் பெற்ற முடிவு இது. உலர்ந்த ஓக் மரத்தில் எல்லை உராய்வு நிறையின் 0.43 பங்களவு, இயங்கத் தொடங்கியபின் அது ஏறத்தாழ 0.1 ஆகக் குறைந்தது. (இயக்கவியல் உராய்வு எல்லை உராய்விலும் சிறிது குறைந்தது என்று எழுதுவோர் இவ்வெண்களைக் கவனிக்க. மரத்தில் அது சிறிதன்று.)

மேற்பரப்பிலுள்ள மேடுபள்ளங்கள் தூரிகை மயிர்கள் போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்குவதே உராய்வின் காரணம் என்று கூலோம் கருதினார். இவ்விளக்கம் முழுமையானதன்று. மேடுகளின் நுனிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன என்பதும், அவ்விடங்களில் ஒட்டுதல் நிகழ்கிறது என்பதும் இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயின. எண்ணெய்ப் படை இரு பரப்புகளையும் முற்றாகப் பிரிக்கும்போது உராய்வு கதியிலும் தங்கியுள்ளது என்பதை 1883 இல் பீச்சம் டவர் செய்த சோதனைகளும் 1886 இல் ஒஸ்போன் ரெனோல்ட்சு தந்த கணக்கும் காட்டின. தேய்வைச் சோதிக்க இன்று சுழலும் தட்டொன்றின்மேல் ஓர் ஊசியைத் தெரிந்த பாரத்தால் அழுத்தி, ஓடிய தூரத்தையும் குறைந்த திணிவையும் குறிப்பார்கள். பாரத்தை நிலைப்படுத்தி உராய்வை அளக்கும் அந்த ஒழுங்கில் ரொஷ்பொர் மேசையின் சாயல் உண்டு.

1781 இல் பரிசு கூலோமுக்கே கிடைத்தது. அவ்வருடமே விஞ்ஞானக் கழக உறுப்பினருமானார். 1783 இல் பிரித்தானி மாகாணத்தின் கால்வாய்த் திட்டத்தைப் பரிசீலித்து, செலவுக்கேற்ற பயன் இல்லை என அறிக்கை கொடுத்தார். அதனால் சில நாட்கள் சிறையிலும் இருக்க நேர்ந்தது. 1785 இல் முறுக்கல் தராசினால் மின்னேற்றங்களுக்கிடையிலான விசையை அளந்தார். உயர்தரத்தில் கற்கும் கூலோமின் விதி அது. புரட்சிக் காலத்தில் 1793 இல் விஞ்ஞானக் கழகம் கலைக்கப்பட, புளுவா நகருக்கு அருகே இருந்த தம் வீட்டுக்கு ஒதுங்கினார். 1802 முதல் கல்விப் பகுதியின் பரிசோதகர் நாயகங்களில் ஒருவராகக் கடமையாற்றி, 1806 ஓகஸ்ட் 23 இல் பரிசில் காலமானார். எளிய பொறிகள் பற்றிய அவரது உராய்வு ஆய்வு 1821 இல் மீண்டும் நூலாக அச்சிடப்பட்டது.