பாகவதர் பற்றிய கதைகளும் மெய்யும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணி நெல்லோடு இசையையும் விளைவித்த மண். அம்மண்ணின் மயிலாடுதுறையில், அன்றைய மாயவரத்தில், பொற்கொல்லர் குடும்பமொன்றில் தோன்றியவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். பிறந்த நாள் 1910 மார்ச் 1 என்பர் பலர். 1909 என்பாரும் உளர். ஓராண்டு வேறுபாட்டால் எவருக்கும் இழுக்கில்லை. ஆயின் அன்னாரின் தனிவாழ்வு பற்றி ஊர்த் திண்ணைகளில் வழங்கிவரும் கதைகளை அவ்வாறு விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. அவர் வாழ்வு சிதைந்ததே இத்தகைய கதை வணிகத்தால்தான்.

குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியினும் பாட்டையே பெரிதும் நாடிய சிறுவனை, இரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எஃப்.ஜி. நடேச ஐயர் அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் குரல் எட்டினால்தான் நடிகன். பவளக்கொடி நாடகத்தில் பெற்ற புகழ் 1934இல் அதே பெயரிலான திரைப்படத்திற்கு இட்டுச் சென்றது. அவர் நடித்தவை 14 படங்களே.

புகழின் உச்சியில் வந்தது வினை. இலட்சுமிகாந்தன் என்பவர் முதலில் 'சினிமா தூது', பின்னர் 'இந்து நேசன்' என்னும் இதழ்களை நடத்திக் கலைஞர்களின் அந்தரங்கத்தை விலைபேசி வந்தார். அவற்றில் மெய் எது, பொய் எது என்று வாங்கிப் படித்தவர் கேட்கவில்லை. காசு கொடுத்தார், படித்தார், அடுத்தவரிடம் சொன்னார். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றபோது இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் ஜூரிகளின் பெரும்பான்மை முடிவை ஏற்று இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்திற்கே திரும்பியது. நீதிபதிகள் ஹாப்பலும் சகாபுதீனும் சாட்சியங்களை மீண்டும் எடைபோட்டு, 1947 ஏப்ரலில் இருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தனர். விடுதலை பெற்றும் பழி முற்றாக நீங்கவில்லை. இன்றும் அவரைக் கொலையாளி என எளிதாகச் சொல்லிவிடுவோர் உளர். அத்தீர்ப்பை அவர்கள் அறிந்திருப்பரா என்பது ஐயமே.

ஹதீஸ் கலை வல்ல அறிஞர்கள் ஒரு செய்தியைக் கேட்டவுடன் ஏற்றதில்லை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நாணயமானவரா என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தனர். அக்கண் கொண்டு பாகவதர் கதைகளை நோக்கினோம்.

'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது என்பர். 1944 தீபாவளியன்று வெளியான அப்படம் சென்னை பிராட்வே திரையரங்கில் 110 வாரம் ஓடியது. வாரங்களை நாட்களாக்கினால் 770. 1945, 1946 தீபாவளிகள் அதனுள் அடங்கும். கணக்கு சரியே. திரையில் அவர் பாடிக்கொண்டிருக்க, பிந்திய இரு தீபாவளிகளையும் அவர் சிறையில் கழித்தார் என்பதைத்தான் கதை சொல்வோர் மறந்துவிடுகின்றனர்.

பொன்தட்டில் உணவருந்தினார் என்பது மற்றொன்று. எழுதுவோர் பலர், பக்கத்து இலையில் அமர்ந்து கண்டதாக எவர் பெயரையும் அவர்கள் தருவதில்லை. இதனை நாம் ஏற்கவில்லை.

இறுதியில் கோயில் வாயிலில் கையேந்தினார் என்பது யாவற்றினும் கொடிது. பொருள் கரைந்ததும், நீரிழிவால் பார்வை கெட்டதும் உண்மை. ஆயினும் 1948இல் ராஜமுக்தி, 1952இல் அமரகவியும் சியாமளாவும், 1957இல் புதுவாழ்வு என அவர் படங்கள் வந்தவண்ணம் இருந்தன. புதுவாழ்வு அவரே இயக்கியது. சிவகாமி அவர் மறைவுக்குப் பின் 1960இல் வெளியாயிற்று. உழைத்துக்கொண்டே தளர்ந்த ஒருவரை இரந்தவராக்குவது, கேட்போர் கண்ணீருக்காகச் செய்யப்படும் அநீதி.

1959 நவம்பர் 1 அன்று, இலட்சுமிகாந்தன் உயிர் துறந்த அதே சென்னைப் பொது மருத்துவமனையில் பாகவதர் காலமானார். 1910 என்ற கணக்கின்படி அகவை 50 நிறைய நான்கு திங்கள் இருந்தன. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் அவர் உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது.