தங்கத் தாளில் கிடைத்த விடை

குழந்தைகளே! குடியாத்தத்தை அடுத்த பேர்ணாம்பட்டு, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் பெரிய பெரிய மர டிரம்கள் சுழல்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றைச் சுழற்றுவது மின் மோட்டார். டிரம்மில் பாரம் கூடினால் மோட்டார் இழுக்கும் மின்சாரமும் கூடும். அளவு மீறினால் காயில் கருகிவிடும். அதனால் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழியைத் தந்தவர் எட்வின் ஹெர்பர்ட் ஹால். ஆனால், மோட்டாரை நினைத்து அவர் அதைத் தேடவில்லை!

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கோர்ஹாம் என்னும் ஊரில் 1855 நவம்பர் 7-ஆம் நாள் ஹால் பிறந்தார். 1875-இல் பட்டம் பெற்று, இரண்டாண்டுகள் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். (அதனாலேயே எனக்கு இவர்மேல் தனிப் பிரியம்.) பிறகு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவரானார்.

அங்கே மாக்ஸ்வெல் எழுதிய புத்தகத்தைப் படித்தபோது ஓரிடத்தில் தடுக்கியது. காந்தம் கம்பியைத்தான் தள்ளும், அதில் ஓடும் மின்னோட்டத்தைத் தள்ளாது என்று மாக்ஸ்வெல் சொல்லியிருந்தார். ஹாலுக்கு அது சரியாகப் படவில்லை. மாக்ஸ்வெல்லோ உலகமே மதித்த மேதை. ஹாலுக்கு வயது 24 கூட ஆகவில்லை. தயங்காமல் தம் ஆசிரியர் ரோலண்டிடம் போய்க் கேட்டார். ரோலண்டுக்கும் அதே சந்தேகம் இருந்தது. சோதித்தும் பார்த்திருந்தார், பலன் இல்லை.

ஹாலின் முதல் சோதனையும் தோற்றது. பிறகு ஆசிரியரின் யோசனைப்படி மெல்லிய தங்கத் தாளைக் கண்ணாடியில் ஒட்டி, நீளவாக்கில் மின்சாரம் செலுத்தினார். இரு ஓரங்களையும் மிக நுட்பமான அளவுக்கருவியோடு இணைத்து, தாளை மின்காந்தத்தின் நடுவே வைத்தார். 1879 அக்டோபரில் கருவியின் முள் நகர்ந்தது! காந்தம் மின்னோட்டத்தை ஓரமாகத் தள்ளியிருந்தது. தகடு தடிமனாக இருந்தால் இந்த விளைவு மிகவும் குறைந்துவிடும். தங்கத் தாள் கைகொடுத்தது அதனால்தான். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதே 1897-இல்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பாவம், மாக்ஸ்வெல் 1879 நவம்பர் 5-ஆம் நாள் காலமானார். ஹாலின் கட்டுரை அதற்குப் பிறகுதான் வெளிவந்தது.

தங்கத்தில் கிடைத்த மின்னழுத்தம் மிகச் சிறியது. பல ஆண்டுகள் கழித்துக் குறைகடத்திகள் வந்த பிறகுதான் இது தொழிலுக்குப் பயன்பட்டது. மோட்டாருக்குப் போகும் கம்பியை ஓர் இரும்பு வளையத்துக்குள் நுழைப்பார்கள். மின்சாரம் ஓடினால் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகுமல்லவா? வளையத்தின் சிறு இடைவெளியில் இருக்கும் ஹால் சில்லு அந்தப் புலத்தை உணர்ந்து, மின்சாரத்தின் அளவைச் சொல்லிவிடும். கம்பியை வெட்டவே வேண்டாம்! நடுவில் சிறு மின்தடையை இணைத்து அளக்கும் முறையும் உண்டு. ஆனால் அது சூடாகும்.

ஹால் 1881-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க நாற்பது இயற்பியல் சோதனைகளைத் தொகுத்தார். 1921-இல் ஓய்வு பெற்றும் ஆய்வை விடவில்லை. 1938 நவம்பர் 20-ஆம் நாள், தமது 83-வது வயதில் மறைந்தார்.